தாகம் அறிந்து ஊட்டும் திரி

ஊவாத் தேயிலையின் நறுமணம் உலகச் சந்தையிலே பேர்பெற்றது. ஆண்டுதோறும் யூலை முதல் செப்டெம்பர் வரையில் பசறை, மடுல்சீமை, பண்டாரவளை, அப்புத்தளை மலைகளிலே கொய்யப்படும் கொழுந்துக்குத் தனி மதிப்பு உண்டு. அந்த மணம் எங்கிருந்து வந்தது? மண்ணிலிருந்து என்பார் சிலர். மலையின் உயரத்திலிருந்து என்பார் வேறு சிலர். இரண்டும் ஓரளவு உண்மையே. ஆயினும் பெரும்பங்கு காற்றினுடையது. தென்மேற்குப் பருவக்காற்று கடலிலிருந்து சுமந்து வந்த நீரையெல்லாம் மேற்குச் சரிவுகளிலே, வட்டவளைப் பக்கத்திலே, கொட்டித் தீர்த்துவிடுகிறது. பின்னர் மலைத்தொடரைக் கடந்து ஊவாப் பக்கம் இறங்கும்போது வறண்டும் வெம்மையுற்றும் போகிறது. நம்மவர் கச்சான் என்று அழைக்கும் காற்று இதுவே. அதன் தாக்குதலுக்கு உள்ளாகும் தேயிலைச் செடி, தன் கொழுந்திலே சில வாசனைப் பொருள்களை மிகுதியாகத் திரட்டிக்கொள்கிறது. மெதில் சலிசிலேற் என்னும் பொருள் அவற்றுள் முதன்மையானது. ஆகவே, உலகம் சுவைத்து மகிழும் அந்த மணம், ஒரு செடியின் தாகத்திலே பிறந்த மணம் என்று கூறினால் மிகையாகாது.

ஆனால், அதே காற்று லயத்து வாசலிலே வேறொரு வேலையைச் செய்கிறது. அங்கே பேணிகளிலும் சாடிகளிலும் வளரும் சிறு செடிகளை ஒரே பகலில் துவளச் செய்துவிடுகிறது. மலைச்சரிவில் ஆழ வேரோடிய தேயிலைக்குத் தாகம் மணமாகலாம். ஒரு சாண் ஆழமுள்ள பேணியிலே நிற்கும் தக்காளிக்குத் தாகம் மரணமே. அந்தச் சிறு செடிக்கு எவ்வாறு சீராக ஈரம் ஊட்டுவது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

வாசற்படியில் ஒரு தோட்டம்

பேணிச் செடியைப் பற்றிப் பேச ஒரு கட்டுரையா என்று எவரேனும் கேட்கலாம். அவர்கள் லயத்து வாசலைச் சற்றே நோக்க வேண்டும். பத்தடிக்குப் பன்னிரண்டடி என்று பெரும்பாலும் கூறப்படும் ஒற்றைக் காம்பரா. அதன் முன்னே ஒடுங்கிய இஸ்தோப்பு. அதன் விளிம்பிலே பால்மாப் பேணிகள், வர்ணப் பேணிகள், பாதியாக வெட்டிய பிளாஸ்டிக் கலன்கள், கைப்பிடி இழந்த வாளிகள். அவற்றிலே ரோசாவும் செவ்வந்தியும் பெகோனியாவும் பூத்து நிற்கும்; ஓரத்திலே கொச்சிக்காயும் கொத்தமல்லியும் புதினாவும் தழைத்திருக்கும்.

அழகுக்காக வைத்தவை என்று எண்ணிக் கடந்து செல்வோர் உண்மையிலே பாதியைத்தான் கண்டவர்கள். மலை முழுவதையும் பசுமையாக்கிய ஒரு சமுதாயத்துக்கு, தன்னுடையது என்று சொல்லிக்கொள்ளத் தலைமுறை தலைமுறையாக ஒரு சாண் மண் இருந்ததில்லை. தோட்ட நிருவாகத்தின் அனுமதியோடு மரக்கறி பயிரிட்ட துண்டு நிலங்கள் இருந்தன. ஆனால் அனுமதி வேறு, உரிமை வேறு. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் இம்மக்களிற் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கியது. அந்த வழக்கு முடிவுக்கு வர 2003ஆம் ஆண்டின் சட்டம்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. 2015ஆம் ஆண்டின் பின்னர் ஏழு பேர்ச் காணியோடு தனிவீடு என்னும் திட்டம் தொடங்கப்பெற்றது. எனினும் அது எல்லாக் குடும்பங்களையும் எட்டிவிடவில்லை. லயங்களிலே இன்றும் வாழ்வோர் பலர். அவர்களுக்கு, பேணிக்குள் அள்ளிப் போட்ட மண்ணே கைக்கெட்டிய காணி. அதிலே ஒரு செடி காய்வது சிறிய செய்தி அன்று.

கொடுப்பவர் நேரமும் குடிப்பதன் தேவையும்

பேணிச் செடி ஏன் வாடுகிறது? தண்ணீர் ஊற்றாமையால் என்பது எளிய விடை, முழுவிடை அன்று. கொழுந்து பறிக்கச் செல்லும் தாய், விடியற்காலையிலே பீலியிலிருந்து சுமந்து வந்த தண்ணீரிலே சமைத்து, பிள்ளைகளை அனுப்பி, புறப்படும் அவசரத்திலே ஒரு செம்பு நீரைச் செடிக்கு ஊற்றுகிறாள். பேணி நிரம்பி வழிகிறது. அவள் மலையேறிய பின்னர் வெயில் ஏறுகிறது, கச்சான் வீசுகிறது. மாலையிலே அவள் திரும்பும்போது இலைகள் தொங்கிக் கிடக்கின்றன. மனம் பொறுக்காமல் மீண்டும் ஒரு செம்பு. இவ்வாறு செடியானது காலையிலே வெள்ளத்தையும் மாலையிலே வறட்சியையும் ஒரே நாளிலே காண்கிறது.

இந்த ஏற்றத்தாழ்வே செடியைக் கொல்கிறது. நீர் நிறைந்து நிற்கும்போது மண்ணின் நுண்துளைகளிலிருந்து காற்று வெளியேறிவிடும். வேர் மூச்சுவிட இயலாமல் அழுகத் தொடங்கும். மண் காயும்போதோ, நீரை உறிஞ்சும் மெல்லிய வேர்த்தூவிகள் மடிந்துவிடும். மறுபடி நீர் வந்தாலும் அதைப் பருகும் வாய்கள் குறைந்துபோயிருக்கும். தக்காளிக் காயின் அடிப்புறம் கறுத்துக் குழிவது ஏதோ பூச்சியின் செயல் என்று பலர் எண்ணுவர். சீரற்ற ஈரத்தால் சுண்ணச்சத்து காய்க்குப் போய்ச் சேராமையே பெரும்பாலும் அதன் காரணம். பழம் வெடிப்பதும் பூமொட்டு உதிர்வதும் இதே குறையின் வேறு முகங்கள்.

ஆக, குறை தண்ணீரின் அளவிலே மட்டும் இல்லை; அது வரும் நேரத்திலே உள்ளது. மேலிருந்து ஊற்றும் நீர் கொடுப்பவருக்கு ஓய்வு கிடைக்கும் நேரத்திலே வருகிறது. செடிக்குத் தேவையோ நண்பகலிலே, கொடுப்பவர் மலையிலே நிற்கும்போது எழுகிறது. இந்த இடைவெளியை நிரப்புவதற்குத்தான் அடியிலிருந்து நீரூட்டும் முறைகள் பயன்படுகின்றன.

அகல்விளக்கு கற்பிக்கும் பாடம்

அகல்விளக்கிலே எண்ணெய் கீழே இருக்கிறது. சுடர் மேலே எரிகிறது. இடையிலே இருப்பது ஒரு பருத்தித் திரி. சுடர் எவ்வளவு எண்ணெயை உண்கிறதோ அவ்வளவை மட்டும் திரி மேலே ஏற்றித் தருகிறது. சுடரை அணைத்துவிட்டால் எண்ணெயின் ஓட்டமும் நின்றுவிடுகிறது. இந்த உண்மையை நம் வீட்டுப் பெண்கள் அறியாத நாளில்லை.

மிக நுண்ணிய இடைவெளிகளிலே திரவம் தானாகவே மேலேறும் இயல்பை நுண்புழைக் கவர்ச்சி என்பர். குழாய் எவ்வளவு ஒடுங்கியதோ அவ்வளவு உயரம் நீர் ஏறும் என்ற விதியை 1718ஆம் ஆண்டளவிலே யூரின் என்ற ஆங்கிலேய மருத்துவர் எடுத்துரைத்தார். ஒரு மில்லிமீற்றர் விட்டமுள்ள கண்ணாடிக் குழாயிலே நீர் ஏறக்குறைய மூன்று சென்ரிமீற்றர் ஏறும். அதிற் பத்திலொரு பங்கு விட்டமுள்ள குழாயிலே முப்பது சென்ரிமீற்றர் ஏறும். மண்ணின் துகள்களுக்கிடையே உள்ள நுண்துளைகளும், முறுக்கிய நூலின் இழைகளுக்கிடையே உள்ள சந்துகளும் இத்தகைய குழாய்களே.

செடியை ஒரு சுடராக எண்ணலாமா? எண்ணலாம். 1727ஆம் ஆண்டிலே வெளிவந்த நூலொன்றிலே ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற ஆங்கிலப் பாதிரியார் தம் சோதனையொன்றை விவரித்தார். சட்டியிலே வளர்ந்த சூரியகாந்திச் செடியொன்றை எடுத்து, மண்ணின் மேற்பரப்பை ஈயத் தகட்டால் மூடி, காலையும் மாலையும் நிறுத்துப் பார்த்தார். ஒரு பகற்பொழுதிலே அந்தச் செடி தன் இலைகளின் வழியாகச் சராசரி ஒன்றேகால் இறாத்தல் நீரை ஆவியாக வெளியிட்டது. வெப்பமும் காற்றும் மிகுந்த பகலிலே இச்செலவு கூடும். இரவிலே மிகக் குறையும். அதாவது, இலை எவ்வளவு செலவிடுகிறதோ அவ்வளவை வேர் மண்ணிலிருந்து இழுக்கிறது; மண் தான் இழந்ததைத் திரியிலிருந்து இழுக்கிறது; திரி கலத்திலிருந்து இழுக்கிறது. கச்சான் வலுத்தால் ஓட்டமும் வலுக்கும். காற்றுத் தணிந்தால் ஓட்டமும் தணியும். அளந்து ஊற்ற ஆளே வேண்டியதில்லை.

தொட்டியில் நிறுத்தி ஊட்டல்

இம்முறைகளுள் எளியது, சாடியை நீருள்ள தட்டத்திலோ தொட்டியிலோ சிறிது நேரம் நிறுத்தி வைப்பது. சாடியின் அடியிலே துவாரங்கள் இருத்தல் வேண்டும். இரண்டு அங்குல ஆழத்துக்கு நீர் விட்டு அதிலே சாடியை வைத்தால், அடித்துவாரங்களின் வழியே நீர் மெல்ல ஏறி, அரைமணி நேரத்துக்குள் பெரும்பாலும் மேல்மண்ணிலே ஈரம் தெரியும். தெரிந்தவுடன் சாடியை எடுத்து, மிகை நீர் வடியுமாறு வைத்துவிட வேண்டும். நாள்முழுவதும் நீரிலே நிற்கவிடுவது செடியை மூழ்கடிப்பதாகும்.

இதனால் விளையும் நன்மைகள் பல. மண் நன்றாகக் காய்ந்துவிட்டால் அது சுருங்கிப் பேணியின் சுவரைவிட்டு விலகிவிடும். அந்நிலையிலே மேலிருந்து ஊற்றும் நீர், சுவரோரச் சந்து வழியே இறங்கி ஓடிவிடுகிறது. நடுவிலே வேர்க்கட்டி வறண்டபடியே இருக்கிறது. ஊற்றியவரோ, அடியிலே நீர் வழிவதைக் கண்டு, செடி நிறையக் குடித்தது என்று எண்ணிவிடுகிறார். அடியிலிருந்து ஏறும் நீர் இவ்வாறு ஏமாற்றுவதில்லை. விதை தூவிய சட்டிகளுக்கும் இம்முறை உகந்தது. கொத்தமல்லி விதையும் பெகோனியாவின் தூள் போன்ற விதையும் மேலிருந்து விழும் நீரால் இடம்பெயர்ந்து போகமாட்டா.

தொட்டி நீரிலே பல சாடிகளை ஒன்றன்பின் ஒன்றாக வைத்து எடுக்கலாம். எஞ்சிய நீரும் வீணாவதில்லை. பீலியிலிருந்து ஒவ்வொரு வாளியையும் தூக்கி வருவோருக்கு இது அற்பமான இலாபம் அன்று. ஆயினும், நோய்ப்பட்ட செடி வைத்த நீரிலே நல்ல செடியை வைக்கலாகாது. வேரழுகல் நீரின் வழியே பரவிவிடும்.

திரி இடும் முறை

நாள்தோறும் தொட்டியில் வைத்து எடுக்க நேரமில்லாதவருக்குத் திரியே துணை. கடையிலே வாங்கவேண்டிய பொருள் எதுவும் இல்லை. ஒன்றரை லீற்றர் குடிநீர்ப் போத்தல் ஒன்றை நடுவிலே வெட்டுக. மூடியிலே ஒரு துளையிட்டு, அதனூடே திரியைச் செலுத்தி, பாதி உள்ளேயும் பாதி வெளியேயும் இருக்குமாறு முடிச்சிடுக. மேற்பாதியைத் தலைகீழாக்கி, திரியை மண்ணின் நடுவுயரம் வரையில் நிறுத்தி, மண் நிரப்பிச் செடியை நடுக. கீழ்ப்பாதியிலே நீர் விட்டு, அதன்மேல் மேற்பாதியைப் பொருத்துக. திரியின் வால் கலத்தின் அடியைத் தொட வேண்டும். நீர்மட்டமோ போத்தலின் மூடியைத் தொடலாகாது.

திரிக்குப் பருத்தி நூல் முதலிலே நன்றாக வேலை செய்யும்; ஆனால் ஈரமண்ணிலே சில மாதங்களுக்குள் உக்கிப்போகும். செயற்கை இழையாலான பழைய துணியை அரையங்குல அகலத்திலே கிழித்து முறுக்கினால் நெடுநாள் நிற்கும். எல்லாத் துணியும் நீரை இழுப்பதில்லை; ஆகவே முன்னரே சோதித்துப் பார்த்தல் நன்று. துணியை நனைத்து, ஒரு முனையை நீர்க் கிண்ணத்திலே விட்டு, மறுமுனையை நீர்மட்டத்துக்குத் தாழ வெளியே தொங்கவிடுக. சிறிது நேரத்திலே நுனி சொட்டத் தொடங்கினால் அது தகுந்த திரி. நடும்போதும் திரியை நனைத்தே வைக்க வேண்டும். முதல் முறை மேலிருந்து நீரூற்றி மண்ணையும் நன்றாக நனைக்க வேண்டும். காய்ந்த திரியும் காய்ந்த மண்ணும் ஒன்றோடொன்று பேசமாட்டா. நீர்மட்டத்துக்கும் மண்ணின் அடிக்கும் இடையே நாலைந்து அங்குலத்துக்கு மேற்படாமல் இருப்பது நலம்.

மண்ணும் கவனத்துக்குரியது. மலைச்சரிவின் களிமண்ணை அப்படியே அடைத்துத் திரியிட்டால், அது நீரை இழுத்து இழுத்துச் சேறாகிவிடும். மண், மட்கிய எரு, தும்புத்தூள் ஆகிய மூன்றையும் சமமாகக் கலந்தால் ஈரமும் காற்றும் சேர்ந்து தங்கும். தும்புத்தூளை இரண்டு மூன்று முறை நல்ல நீரிலே அலசிக்கொள்ள வேண்டும். அதிலே உப்பு இருக்கக்கூடும்.

இவ்விடத்திலே ஒரு நெடுநாள் வழக்கத்தைப் பற்றியும் கூற வேண்டும். நீர் நன்றாக வடியும் என்று நம்பிச் சாடியின் அடியிலே கல் நிரப்புவோர் பலர். உண்மையோ இதற்கு மாறானது. நுண்ணிய மண்ணிலே பிடிபட்ட நீர், பெரிய இடைவெளிகளையுடைய கற்களுக்குள் எளிதாக இறங்குவதில்லை; கற்களுக்கு மேலேயே தேங்கி நிற்கிறது. ஆதலால் கல்லிட்ட அளவுக்குச் சேறு மேலே உயர்ந்து வேருக்கு அருகே வருகிறது. ஈரமான கடற்பஞ்சைப் படுக்கையாகப் பிடித்தால் சொட்டாத நீர், அதையே நிமிர்த்திப் பிடித்தவுடன் சொட்டுவதைக் காணலாம். தாழ்ந்து பரந்த சட்டியைவிட உயர்ந்த பேணியிலே வேருக்குக் காற்று மிகுதியாகக் கிடைப்பதும் இதனாலேயே.

மறக்கலாகாதவை

எல்லாச் செடிக்கும் ஒரே விதி பொருந்தாது. புதினா, வல்லாரை, கொத்தமல்லி, தக்காளி, கொச்சிக்காய், பெகோனியா, பன்னவகைகள் ஆகியன சீரான ஈரத்தை விரும்புவன. கற்றாழை, கள்ளி, மரத்திலே தொற்றி வளரும் ஓர்கிட் ஆகியன இடையிடையே காய வேண்டியவை. இவற்றுக்குத் திரியிடுதல் உபகாரம் ஆகாது. ஐப்பசி பிறந்து ஊவாவிலே மழை பெய்யத் தொடங்கிய பின்னர் வெளியே இருக்கும் சாடிகளுக்கும் திரி வேண்டியதில்லை. அக்காலத்திலே கீழ்க்கலத்தை எடுத்துவிடுவதே முறை.

அடியிலிருந்து ஏறும் நீர் மேலே சென்று ஆவியாகும்; அது சுமந்து வந்த உப்பு மேல்மண்ணிலே வெண்மையாகப் படியும். உரமிடுவோர் சாடியிலே இது விரைவிலே தோன்றும். மாதம் ஒருமுறை மேலிருந்து தாராளமாக நீரூற்றிக் கழுவி வடியவிட்டால் இக்குறை நீங்கும். போத்தலின் கீழ்ப்பாதியிலே வெளிச்சம் பட்டால் பாசி வளரும். பழைய துணியோ காகிதமோ சுற்றி வைத்தல் போதும்.

இவை எல்லாவற்றினும் பெரிய எச்சரிக்கை நுளம்பைப் பற்றியது. வீட்டோரம் தேங்கிய தெளிந்த நீரே டெங்கு நுளம்பின் தொட்டில். 2017ஆம் ஆண்டிலே இலங்கையில் 1,86,000 பேருக்கு மேல் டெங்கு நோயாளராகப் பதிவாயினர் என்பதை நாம் மறந்துவிட முடியாது. நுளம்பு பெருக இடமளிப்பது 2007ஆம் ஆண்டின் சட்டப்படி குற்றமுமாகும். சாடியின் கீழே திறந்த தட்டத்திலே நீரைத் தேக்கி வைப்போர், செடியைக் காத்துப் பிள்ளையை இழக்கும் வழியைத் தேடுகிறார்கள். தொட்டியில் நிறுத்தும் முறையானால் வேலை முடிந்தவுடன் நீரைக் கவிழ்த்துவிட வேண்டும். திரிமுறையானால் நீர்க்கலத்தின் வாய் இடுக்கின்றி மூடப்பட்டிருக்க வேண்டும். மேற்பாதிக்கும் கீழ்ப்பாதிக்கும் இடையே சந்து தெரிந்தால் துணியால் இறுக்கிக் கட்டுக. வாரம் ஒருமுறை கலத்தைக் கவிழ்த்து உட்சுவரைத் தேய்த்துக் கழுவுக. வெறுமனே நீரைக் கொட்டினால் போதாது; நுளம்பின் முட்டைகள் சுவரிலே ஒட்டிக்கொண்டு, காய்ந்த நிலையிலும் பல மாதங்கள் உயிரோடிருக்க வல்லவை.

தவறணை அறிந்த உண்மை

சீரான ஈரத்தின் அருமையைத் தோட்டத்து மக்களுக்குப் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. தவறணை என்று அவர்கள் அழைக்கும் தேயிலை நாற்று மேடையே அதற்குச் சான்று. 1925ஆம் ஆண்டிலே நிறுவப்பெற்று, பின்னர் தலவாக்கலை சென்ட் கூம்ஸ் தோட்டத்திலே நிலைகொண்ட தேயிலை ஆராய்ச்சி நிலையம், விதைக்குப் பதிலாக ஒற்றை இலைத் துண்டுகளிலிருந்து நாற்று எழுப்பும் முறையை வளர்த்துப் பரப்பியது. ஓர் இலை, அதனோடு ஓர் அங்குலத்துக்குச் சற்று மேற்பட்ட தண்டு. இதைப் பொலித்தீன் உறையிலிட்ட மண்ணிலே ஊன்றுவர். அந்தத் துண்டுக்கு வேர் இல்லை. ஆனால் இலை நீரைச் செலவிட்டுக்கொண்டே இருக்கிறது. நிழலும் ஈரக்காற்றும் காத்தாலன்றி அது பிழைப்பதில்லை. நீர் மிகுந்தால் அடித்தண்டு அழுகும். குறைந்தால் இலை கருகும். ஒன்பது பத்து மாதங்கள் இந்த இரண்டு ஆபத்துகளுக்கும் நடுவே நாற்றைக் காத்து வளர்த்தவர்கள், நாள்தோறும் மண்ணைத் தொட்டுப் பார்த்து ஈரத்தை அறியும் கைகளை உடையவர்கள். அந்த அறிவு தோட்டத்தின் மலைகளைப் பசுமையாக்கியது. அதே அறிவு சொந்த வாசலிலும் பயன்பட வேண்டாமா?

வறண்ட நாடுகளிலும் இவ்வுண்மையை அறிந்தோர் இருந்தனர். கி.மு. முதலாம் நூற்றாண்டைச் சேர்ந்த சீன வேளாண் நூலொன்று, சுட்ட மண்குடத்தை நிலத்திலே புதைத்து நீர் நிரப்பி, ஓட்டால் மூடி, அதனைச் சுற்றிக் கொடிவிதை நடும் முறையைக் கூறுகிறது. தமிழகத்திலும் தென்னங்கன்றுக்கு அருகே பானை புதைத்து நீரூட்டும் முறை உண்டு. குடத்தின் நுண்துளைகள் கசியவிடும் நீரைச் சுற்றியுள்ள மண் தன் வறட்சிக்கேற்ப இழுத்துக்கொள்கிறது. குடமும் திரியும் வடிவிலே வேறு, நீதியிலே ஒன்று. குடத்தின் வாயை மூடிவைத்த அந்த முன்னோரின் கவனத்தையும் நாம் மறக்க வேண்டியதில்லை.

திரியானது இல்லாத நீரை உண்டாக்கித் தராது. பீலி வற்றிய லயத்துக்கு வேண்டியது திரி அன்று, குழாய்நீர். காணியற்ற குடும்பத்துக்கு வேண்டியது பேணி அன்று, நிலம். இவ்விரண்டையும் கேட்கும் குரல் ஓயலாகாது. ஆயினும், கிடைக்கும் ஒரு செம்பு நீர், வழிந்தோடாமல், வெயிலிலே வீணாகாமல், வேருக்கு வேண்டிய வேளையிலே வேண்டிய அளவிலே போய்ச் சேருமாறு செய்வது நம் கையிலே இருக்கிறது. மலையிலே கொழுந்து கொய்துகொண்டிருக்கும் ஒருத்தியின் வாசலிலே, அவள் இல்லாத வேளையிலும் அவள் செடி நீர் பருகிக்கொண்டிருக்கும்.

அடுத்த கச்சான் எழுவதற்கு ஒரு மாதம் முன்பாகவே, வைகாசியிலே, ஒரேயொரு போத்தலிலே ஒரு புதினாத் தண்டை நட்டுச் சோதித்துப் பார்க்கலாம். அதன் பக்கத்திலே, வழக்கம்போல் மேலிருந்து நீரூற்றும் பேணியொன்றையும் வைத்துக்கொள்ளுதல் நல்லது. எது தழைக்கிறது என்பதை ஆடி மாதத்துக் காற்று கூறிவிடும்.